பிரெஞ்சு வீட்டில் தமிழ்க் கல்யாணம்: முன்பணம் கட்டும் முன் அளக்க வேண்டியவை

புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருக்கும் பிரெஞ்சு வீடுகள் எவையும் கல்யாணம் நடத்தக் கட்டியவை அல்ல. ஒரு வணிகரோ அதிகாரியோ குடும்பத்தோடு குடியிருக்கவும், மாலையில் இருபது பேருக்கு விருந்து வைக்கவும் கட்டியவை. அங்கே விடிகாலையில் ஹோமம் வளர்த்து, நாதஸ்வரம் வாசித்து, முந்நூறு பேருக்கு இலை போட வேண்டும் என்று நாம் கேட்கிறோம். சில வீடுகள் அதற்கு ஈடுகொடுக்கும், பல வீடுகள் கொடுக்காது. முகப்பைப் பார்த்தால் இது தெரியாது. முற்றத்தையும் கொல்லைப்புறத்தையும் கூரையின் மரச்சட்டங்களையும் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

பழைய ஐரோப்பியக் களையோடு, ஒரு நாளில் போய்வரும் தூரத்தில் இடம் வேண்டும் என்றால் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. முதலாவது புதுச்சேரி. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ரயிலில் வரும் தென்மாவட்டச் சொந்தங்கள் விழுப்புரத்தில் இறங்கி 40 கிலோமீட்டர் வந்தால் போதும். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி புதுச்சேரியைப் பற்றித்தான். மற்ற மூன்றையும் முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் இருந்தார்கள். டான்ஸ்போர்க் கோட்டை, 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம், கடலைப் பார்த்த பங்களாக்கள் எல்லாம் ஒரே தெருவில் நடந்து பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. கூட்டம் குறைவு, அமைதி அதிகம். ஆனால் அறைகள் மிகக் கொஞ்சம். ஐம்பது பேரைத் தாண்டினால் மீதிப் பேரைக் காரைக்காலிலோ மயிலாடுதுறையிலோதான் தங்கவைக்க வேண்டும். கோட்டை அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அதன் முன்னால் நின்று படம் எடுக்கலாம், உள்ளே மணவறை போடும் கனவு வேண்டாம். அறுபது பேர் வரும் கல்யாணத்துக்குத் தரங்கம்பாடியை மிஞ்ச ஒன்றுமில்லை. இருநூறு பேருக்கு அது சரிப்படாது.

செட்டிநாடு பலருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அது தமிழ் வீடுதானே என்பார்கள். இத்தாலிய மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, மேல்மாடத்தில் பிளாஸ்டர் உருவங்கள், வரிசையாகத் தூண்கள் என்று ஐரோப்பிய அலங்காரம் புதுச்சேரியைவிட இங்கே அதிகம். அதைவிட முக்கியம், இந்த வீடுகள் சடங்குகளையும் கூட்டத்தையும் மனத்தில் வைத்தே கட்டப்பட்டவை. முகப்பில் உபசாரம், வளவில் (நடு முற்றமும் அதைச் சுற்றிய கூடமும்) முகூர்த்தம், இரண்டாங்கட்டில் பந்தி, மூன்றாங்கட்டில் அடுப்பு. பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அதனால் காய்கறி வண்டி பின்வாசலில் நிற்கும்போது மாப்பிள்ளை முன்வாசலில் இறங்கலாம். முந்நூறு பேருக்கு மேல் வருவார்கள், பழமையும் வேண்டும் என்றால் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் போவதே எங்கள் பரிந்துரை. திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஒரு எச்சரிக்கை: தனியார் வீடாக இருந்தால் அது பல பங்காளிகளுக்குப் பொதுவானது. சாவி வைத்திருப்பவர் ஒப்புக்கொண்டால் போதாது. பங்குள்ள எல்லார் சார்பிலும் கையெழுத்திடும் உரிமை அவருக்கு உண்டா என்று எழுத்தில் பாருங்கள். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் வெளிநாட்டிலிருந்து ஒரு பங்காளி மறுப்புச் சொன்னால் செய்வதற்கு ஒன்றுமிருக்காது.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பங்களாக்கள் நான்காவது வழி. கணப்பு அடுப்பு, மரத்தரை, ரோஜாத் தோட்டம் எல்லாம் உண்டு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025-ல் ஏப்ரல் முதல் சீசனுக்காக நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள் என்று உயர்நீதிமன்றம் வரம்பும் வைத்தது. சித்திரை, வைகாசியில் கல்யாணம் என்றால் விருந்தினர் ஒவ்வொருவரையும் பாஸ் எடுக்கச் சொல்வதைவிடக் கோயம்புத்தூரில் கூட்டி வேனில் ஏற்றுவது சுலபம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் நீலகிரிக்குள் போகாது. சமையல்காரர் மலையில் சமைத்துப் பழகியவரா என்று கேளுங்கள். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும். மார்கழி, தை குளிரில் இலையில் விட்ட நெய் கட்டியாக நிற்கும்.

இனி புதுச்சேரி.

விலாசத்தைச் சரிபாருங்கள்

“புதுச்சேரி” என்று விளம்பரம் செய்யும் இடங்களில் பல புதுச்சேரியில் இல்லை. கோட்டக்குப்பம் தமிழ்நாடு. ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம். இதில் மூன்று விஷயங்கள் மாறும்: போலீஸ் அனுமதி யாரிடம் வாங்குவது, திருமணப் பதிவு எங்கே, விருந்தில் மது உண்டா. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வரவேற்பில் மது பரிமாறுவதாக இருந்தால் அந்தந்தப் பகுதியின் கலால் அனுமதி தேவை. புதுச்சேரியில் வாங்கிய பாட்டில்களை எல்லை தாண்டி ரிசார்ட்டுக்குக் கொண்டுபோனால், ரசீது கையில் இருந்தாலும் குற்றம்தான். “எல்லாரும் கொண்டுவருகிறார்கள்” என்று மேலாளர் சொல்வதை நம்பி மாமனார் காரில் பெட்டியை ஏற்றாதீர்கள்.

மணமக்களில் ஒருவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவராக இருந்தால் (புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களில் இது சகஜம்) கல்யாணத்துக்கு முன்பே பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அறிவிப்பு ஒட்டுவதற்கே 10 நாள் ஆகும், ஆவணச் சரிபார்ப்பு தனி. தேதி குறித்ததும் முதல் வேலையாக இதைத் தொடங்குங்கள்.

பழையது எது, புதிதாக மஞ்சள் அடித்தது எது என்பதும் தெரிய வேண்டும். ஊரை 1761-ல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். 1765-க்குப் பிறகே பிரெஞ்சுக்காரர்கள் திரும்பக் கட்டினார்கள். ஆகவே “இது நானூறு வருட வீடு” என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். உண்மையான பழைய வீட்டில் சுவர் ஒன்றரை முதல் இரண்டடி கனம் இருக்கும். ஜன்னல் ஓரத்தில் கைவைத்தாலே தெரியும். கூரையில் நெருக்கமாக மரச்சட்டங்கள் ஓடும். புதிதாகக் கட்டியது கேவலமில்லை. கான்கிரீட் தளம், வண்டி நிறுத்துமிடம், வேண்டிய கழிப்பறைகள் எல்லாம் அங்கேதான் சரியாக இருக்கும். ஆனால் பழைய வீட்டின் வாடகையைக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

முகூர்த்த நேரம்தான் முதல் வடிகட்டி

பெரும்பாலானவர்கள் இடத்தைப் பிடித்துவிட்டு முகூர்த்தம் குறிக்கிறார்கள். இங்கே அந்த வரிசை தலைகீழாக வேண்டும். ஒலி மாசு விதிகளின்படி இரவு என்பது இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்த நேரத்தில் திறந்த வெளியில் ஒலிபெருக்கி மட்டுமல்ல, இசைக்கருவியும் கூடாது. மண்டபம் மாதிரி மூடிய இடத்துக்கு விலக்கு உண்டு, திறந்த முற்றத்துக்கு அந்த விலக்கைச் சொல்லிக்கொள்ள முடியாது. பிரம்ம முகூர்த்தம் 4.30-க்குத் தொடங்குகிறது. கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குப் போன் செய்தால் சட்டம் அவர் பக்கம் நிற்கும்.

கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்தில் இது வெறும் பயமுறுத்தல் இல்லை. வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டியவை. விடுதிகளுக்கு நடுநடுவே குடும்பங்கள் வசிக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது அளவு. தவில் சத்தம் இதை எந்த நேரத்திலும் தாண்டும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கவும் இடம் உண்டு. அரசுப் பொது மருத்துவமனையும் பிரெஞ்சுப் பள்ளியும் விக்டர் சிமோனெல் வீதியிலேயே இருக்கின்றன. அந்தச் சுற்றுவட்டாரத்தில் இடம் பார்ப்பவர்கள் இரட்டிப்புக் கவனத்தோடு கேட்க வேண்டும்.

ஆகவே ஜோசியரிடம் போகும்போதே 7.30-க்குப் பிறகான முகூர்த்தமாகக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் காலை 7.30 முதல் 10.30 வரை ராகு காலமும் இல்லை, எமகண்டமும் இல்லை. விருந்தினருக்கும் அது வசதி. குலவழக்கப்படி விடியலில்தான் தாலி கட்ட வேண்டும் என்றால் முகூர்த்தத்தைக் கோயிலிலோ மண்டபத்திலோ வைத்துவிட்டு, நலங்கையும் வரவேற்பையும் பிரெஞ்சு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். இந்த வீடுகளுக்கு மாலை நேரம்தான் எப்போதும் பொருந்தும்.

அளவுநாடாவை எடுத்துப்போங்கள்

“இருநூறு பேர் தாராளமாக உட்காரலாம்” என்பார்கள். அது காக்டெயில் விருந்துக் கணக்கு, கையில் கோப்பையோடு நிற்பவர்களுக்கு. நம் ஆட்கள் உட்கார்வார்கள். நாற்காலி வரிசைக்கு ஆளுக்கு 8 சதுர அடி, வட்ட மேஜை போட்டால் 12 முதல் 14 சதுர அடி வேண்டும்.

உதாரணத்துக்கு 24 அடிக்கு 32 அடி முற்றம், நான்கு புறமும் 8 அடி தாழ்வாரம் என்று வைத்துக்கொள்வோம். முற்றம் 768 சதுர அடி. மணவறை 12-க்கு 12 என்றால் 144 போயிற்று. அதன் முன்னால் புகைப்படக்காரர்களும் மேளக்காரர்களும் நிற்க 100, நடைபாதைக்கு 100. மிச்சம் 424, அதாவது 53 நாற்காலி. தாழ்வாரம் மொத்தம் 1,152 சதுர அடி. தூண் மறைப்பதும் ஆள் போய்வருவதும் சேர்ந்து பாதியைத் தின்றுவிடும். மீதியில் 72 பேர். ஆக 125 பேர், அதிலும் பாதிப்பேர் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்ப்பார்கள். பத்திரிகையில் பெயர் எழுதும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

மாடிக்கு ஏற்றிவிடலாம் என்று சொல்வார்கள். இங்கேதான் மிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பழைய வீட்டுக் கூரை மெட்ராஸ் டெரஸ்: தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு, மேலே தட்டை ஓடு பதித்தது. பாரத்தைத் தாங்குவது முழுவதும் மரம். அந்தச் சட்டத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கிறது. மழைநீர் இறங்கி முதலில் மக்குவது கண்ணுக்குத் தெரியாத அந்த முனைதான். இந்தியத் தர விதிகளில் வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ பாரம் கணக்கு. கூட்டம் கூடி நிற்கும், ஆடும் தளத்துக்கு 500 கிலோ. இந்தத் தளங்கள் எந்த விதியும் எழுதாத காலத்தவை. உறுதியான பொதுக்கட்டடம் என்று நினைத்த மேரி, அதாவது நகராட்சி மாளிகையே 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. திரும்பக் கட்டி 2021-ல்தான் திறந்தார்கள்.

ஆகவே மாடியில் விருந்து என்றால் கட்டமைப்புப் பொறியாளரின் சான்றைக் கேளுங்கள், எத்தனை பேர் என்ற எண்ணிக்கையோடு. கீழ்அறையில் நின்று டார்ச் அடித்துச் சட்டங்கள் சுவரில் நுழையும் இடத்தைப் பாருங்கள். ஈரக்கறை, வெள்ளைப் பூப்பு, மரத்தூள் உதிர்ந்த தடம், புதிதாக நட்ட இரும்புத்தூண் எது தெரிந்தாலும் மாடி வேண்டாம். டிஜே, குத்தாட்டம் என்றால் எப்படிப் பார்த்தாலும் தரைதான்.

வயதானவர்களுக்காக வாசலையும் பாருங்கள். வீட்டின் தளம் தெருவிலிருந்து மூன்று நான்கு படி உயரத்தில் இருக்கும், கைப்பிடி இருக்காது. மரப்பலகையில் சாய்தளம் போட்டுத் தருவார்களா என்று கேளுங்கள். கழிப்பறை 25 முதல் 30 பேருக்கு ஒன்று. விடுதி அறைகளுக்குள் இருப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவற்றின் சாவி சம்பந்தி வீட்டார் கையில் இருக்கும்.

நெருப்பு, மஞ்சள், வாழைச்சாறு

கல்யாணம் முடிந்து முன்பணம் திரும்பும்போது தகராறு வருவது இந்த மூன்றால்தான். சுண்ணாம்பு பூசிய சுவரில் ஒட்டிய டேப்பைப் பிரித்தால் பூச்சும் சேர்ந்து வரும். வாழைமரத்தைத் தூணில் கட்டினால் வடியும் சாறு பழுப்புக் கறையாகிவிடும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பூத்தரைக் கற்கள் சிமென்டில் செய்தவை, எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சிவப்பு அதைவிட மோசம்.

வழி இருக்கிறது. அலங்காரம் முழுக்கத் தனியாக நிற்கும் சட்டத்தில் இருக்க வேண்டும். ஆணி, டேப், துளை எதுவும் சுவரில் கூடாது என்று டெக்கரேஷன்காரரிடம் எழுதி வாங்குங்கள், உடைத்தால் அபராதம் அவர் கணக்கில். வாழைமரத்தை மணல் நிரப்பிய தொட்டியில் நிறுத்தி, தூணிலிருந்து அரையடி தள்ளி வையுங்கள். வெட்டுவாயில் பிளாஸ்டிக் சுற்றினால் சாறு கீழே சொட்டாது. நலங்கு வைக்கும் இடத்தில் தார்ப்பாய், அதன்மேல் ஜமுக்காளம். ஆரத்தியைத் தெருவில் கொட்டுங்கள், வாசற்படியில் வேண்டாம்.

ஹோமம் வானம் தெரியும் முற்றத்தில்தான். தாழ்வாரத்து மரக்கூரைக்குக் கீழே அனுமதிக்கும் உரிமையாளரே கொஞ்சம் அஜாக்கிரதையானவர் என்று நினைக்கலாம். தரையில் சிமென்ட் ஷீட், அதன்மேல் நான்கு அங்குலம் மணல், அதன்மேல் செங்கல் அடுக்கிக் குண்டம். நேராகக் கல்தரையில் வளர்த்தால் சூட்டில் கல் வெடிக்கும். இரண்டு வாளி மணலும் ஒரு தீயணைப்பானும் பக்கத்தில் இருக்கட்டும். முற்றத்தின்மேல் துணிப்பந்தல் கட்டியிருந்தால் குண்டத்துக்கு நேர்மேலே ஆறடிச் சதுரம் திறந்து விடச் சொல்லுங்கள். இதைப் பந்தல்காரரும் புரோகிதரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதில்லை. முகூர்த்தத்தன்று புகை முழுக்க மணப்பெண் கண்ணில் போன பிறகுதான் எல்லாருக்கும் நினைவு வரும்.

இலை போட இடம் எங்கே

இடம் பார்க்கப் போகும்போது சமையல் கான்ட்ராக்டரையும் அழைத்துப் போங்கள். உங்களைவிட அவர்தான் சரியான கேள்விகளைக் கேட்பார். பல விடுதிகள் வெளிச் சமையலை விடுவதில்லை, அவர்களுடைய அடுப்போ உணவகத்துக்கானது. நாற்பது பேருக்கு நேர்த்தியாக மீன் பரிமாறும் சமையலறை, காலை ஒன்பது மணிக்கு நூறு பேருக்குச் சூடாக இட்லி, பொங்கல், வடை தர முடியாமல் திணறும்.

பந்திக் கணக்கு இது: ஆறடி மேஜைக்கு மூன்று இலை. எதிரெதிராக இரண்டு வரிசை, நடுவில் பரிமாறுபவர்கள் போய்வர நாலடி, பின்னால் நாற்காலிகள் என்றால் 12 அடி அகலம் வேண்டும். 40 அடி நீளத்தில் வரிசைக்கு ஆறு மேஜை, ஆக 36 பேர். ஒரு பந்தி உட்கார்ந்து, சாப்பிட்டு, இலை எடுத்து, மேஜை துடைக்க 40 நிமிடம். முந்நூறு பேர் என்றால் ஒன்பது பந்தி, ஆறு மணி நேரம். கடைசிப் பந்திக்காரர்கள் மாலைச் சிற்றுண்டி நேரத்தில் சாம்பார் சாதம் சாப்பிடுவார்கள். நூறு பேர் ஒரே நேரத்தில் உட்கார 1,300 சதுர அடிக்கு மேல் தேவை. வெள்ளை நகரத்தில் அப்படி ஒரு கூடம் அபூர்வம். ஆகவே அங்கே கல்யாணச் சாப்பாட்டை 100, 120 பேரோடு நிறுத்துங்கள், அல்லது சாப்பாட்டுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு மண்டபம் பிடியுங்கள்.

இந்த விஷயத்தில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் இருக்கும் வீடுகள் நன்றாக ஒத்துழைக்கும். கீழ்த்தளம் திண்ணை, மரத்தூண், முற்றம் என்று தமிழ் வீடு. மேல்தளம் வளைவு ஜன்னல், பிளாஸ்டர் வேலை என்று பிரெஞ்சு வீடு. வைசியாள் வீதியில் இப்படி வரிசையாகச் சீரமைத்த வீடுகளைப் பார்க்கலாம். ஐரோப்பியச் சாயலும் கிடைக்கும், திண்ணையில் சம்பந்திகளை உட்காரவைக்கவும் முடியும். படத்துக்கு வெள்ளை நகரம், சடங்குக்கு இந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்பவர்கள் புத்திசாலிகள். இரண்டுக்கும் நடுவே நடந்தால் பத்து நிமிடம்.

தண்ணீர் சமையல், கழுவல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 25 லிட்டர் பிடிக்கும். தொட்டி எவ்வளவு, லாரி உள்ளே வருமா என்று கேளுங்கள். பாத்திரம் எங்கே கழுவுவது என்பதையும் கேளுங்கள்.

கரண்ட்டும் தெருவும்

விளக்குகள் 15 கிலோவாட், ஒலியமைப்பு 5, எல்இடி திரை 5, கிரைண்டர் மிக்சி 4, ஆறு ஏசி 11. கூட்டினால் 40. பழைய வீட்டு இணைப்பு இதைத் தாங்காது. 62.5 கேவிஏ ஜெனரேட்டர் 50 கிலோவாட் தரும், போதும். அந்த வண்டி எங்கே நிற்கும்? குறுகிய தெரு, பெரும்பாலும் ஒருவழி, வீட்டுக்குள் வண்டி நுழைய இடமில்லை. தெருவில் நிறுத்தப் போலீஸ் அனுமதி வேண்டும். சத்தமில்லாத வகையாகவும் இருக்க வேண்டும். கேபிள் எந்த ஜன்னல் வழியாக உள்ளே வரும் என்பதைக்கூட முன்பே முடிவு செய்யுங்கள்.

பெரிய பஸ்ஸை வெள்ளை நகரத்துக்குள் கொண்டுவரும் எண்ணமே வேண்டாம், வேன் பேசுங்கள். கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வண்டி ஓடாது. அந்தச் சாலையைப் பார்த்த இடத்தில் வரவேற்பு என்றால் விருந்தினர் எந்தத் தெருமுனையில் இறங்குவார்கள், பட்டுப்புடவையோடு எவ்வளவு தூரம் நடப்பார்கள் என்று நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதி முழுக்கச் சண்டே மார்க்கெட். வழிகாட்டும் செயலி அதற்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அழைப்பிதழோடு வேறு வழியை அனுப்பிவிடுங்கள்.

மாதம், காற்று, வெளிச்சம்

தையும் மாசியும்தான் இந்த ஊருக்கு. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும், ஊரே அசையாது. அந்தத் தேதியை மட்டும் தவிருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் முற்றத்தை நம்பாதீர்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழையைக் கொட்டியது. முற்றத்தில் பந்தலுக்கு முளை அடிக்க முடியாது, எடைக்கல் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். வருடக் கடைசி, பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14, நீண்ட விடுமுறைகளில் அறை வாடகை ஏறும்.

இன்னொன்று, பலர் வந்து பார்த்த பிறகு ஏமாறுவது: இது கிழக்குக் கடற்கரை. கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. கடற்கரைச் சாலை முகப்புகளில் வெளிச்சம் விழுவது காலையில்தான், மாலையில் அவை நிழலில் கிடக்கும். மஞ்சள் சுவர்ப் படங்களைக் காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் முடித்தால் சுற்றுலாக் கூட்டமும் இருக்காது. அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கலாம், கதவில் சாய்ந்து நிற்கும் முன் கேளுங்கள். விடியலில் கடற்காற்று அடங்கியிருக்கும், நண்பகலுக்குப் பிறகு எழும்பும். கடல் பார்த்த இடத்தில் மாலை வரவேற்பு என்றால் பின்திரை வலையாக இருக்கட்டும். கெட்டித்துணி பாய்மரம் மாதிரி சட்டத்தையே சாய்த்துவிடும். குத்துவிளக்குக்குக் கண்ணாடிக் கூண்டு, மைக்குக்குப் பஞ்சுறை.

கோயில் மணி அடிக்கும் கல்யாணம்

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இங்கே வேலை எளிது, கட்டடங்கள் அதற்கென்றே கட்டியவை. துய்மா வீதியில் 1855-ல் எழுந்த தேவதைகளின் அன்னை ஆலயம் (ஊர் வழக்கில் கப்ஸ் கோயில்), மிஷன் வீதியில் சம்பா கோயில், தெற்கே கோதிக் பாணியில் இருதய ஆண்டவர் பசிலிக்கா. மூன்று ஞாயிறு பூசையில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும், சொந்தப் பங்குத்தந்தையின் கடிதம் வேண்டும். வெளியூர்ப் பங்கு என்றால் மூன்று மாதமாவது முன்னால் தொடங்குங்கள். தவக்காலத்தில் தேதி கேட்காதீர்கள். பூவும் விளக்கும் எவ்வளவு வைக்கலாம், அடுத்த பூசை எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டே டெக்கரேஷன் பேசுங்கள். அரை மணி நேரத்தில் கழற்ற வேண்டியதற்கு லட்சக்கணக்கில் செலவழித்தவர்கள் உண்டு.

கையெழுத்துக்கு முன்

இரண்டு முறை போய்ப் பாருங்கள். ஒருமுறை உங்கள் முகூர்த்தக் கிழமையில், அதே நேரத்தில். இன்னொரு முறை சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு. முதல் முறை வெளிச்சமும் பக்கத்து வீடும் தெரியும். இரண்டாவது முறை உணவகக் கூட்டமும் வண்டி நெரிசலும் தெரியும்.

ஒப்பந்தத்தில் விடுதி நேரம் மதியம் 2 முதல் மறுநாள் 11 என்றிருக்கும். நம் கல்யாணம் முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கி மறுநாள் மாலை கட்டுச்சாதக் கூடையோடு முடிகிறது. இரண்டு முழு நாள் என்று மணிக்கணக்காக எழுதுங்கள், பந்தல் போட முந்திய இரவும் சேர்த்து. வீடு முழுக்க உங்களுக்கா, அல்லது உணவகம் வெளியாட்களுக்குத் திறந்திருக்குமா? திறந்திருந்தால் தாலி கட்டும் நேரத்தில் இரண்டாம் மாடியிலிருந்து யாரோ காப்பி குடித்தபடி செல்போனில் படம் எடுப்பார்கள். சொன்ன வாடகையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா, வெளிச் சமையலுக்குத் தனிக் கட்டணம் உண்டா, சேதத்துக்கு யார் மதிப்புப் போடுவது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். சாவி வாங்கியதும் ஒவ்வொரு சுவரையும் தூணையும் தரையையும் தேதியோடு வீடியோ எடுத்து மேலாளருக்கே அனுப்பிவையுங்கள்.

மண்டபத்தில் தானாக நடக்கும் ஒன்று இங்கே நடக்காது: எச்சில் இலை. நூறு பேர் இரண்டு வேளை சாப்பிட்ட இலையும் மீதிச் சோறும் எந்த வண்டியில், எத்தனை மணிக்குப் போகும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நகராட்சி வண்டியையோ பால்பண்ணைக்காரரையோ நீங்களே முன்கூட்டிப் பேசி வையுங்கள்.